புகைவீட்டில் காய்ந்த இலைத்தாள்கள்

ஈரக் காகிதத்துக்குன்னு ஒரு வாடை உண்டு... ஆத்துச் சேறும் பழைய கோந்தும் கலந்த வாடை. மலாயாவுல ஜப்பான்காரன் ஆண்ட காலத்துல, சிகாமட் ஆறு பெருகி வடிஞ்ச அந்த வாரம் எங்க கை, துணி எல்லாம் அந்த வாடைதான்.

டவுன்ல ஒத்தை அறையில ஒரு மியூசியம் இருந்தது. காட்டுச் செடியோட இலையும் பூவும் தாள்ல ஒட்டி வச்சிருப்பாங்க. அதைப் பார்த்துக்கிட்டவர், முன்னே எங்க ரப்பர் தோட்டத்துல கணக்கு எழுதுற கிராணியா இருந்த யாழ்ப்பாணத்து ஐயா. வெள்ளம் உள்ள புகுந்து அத்தனையும் நனைஞ்சு போச்சு.

அந்த வேலை இருந்ததாலதான் ஜப்பான்காரன் அவரைச் சயாம் காட்டுல ரயில் ரோடு போடப் பிடிச்சுட்டுப் போகல. மூணு நாள்ல ஜப்பான் ஆபீசர் பார்க்க வர்றார். மியூசியம் இல்லேன்னா வேலை இல்ல... வேலை இல்லேன்னா சயாம்.

எங்கப்பாவை அங்க பிடிச்சுட்டுப் போய் அப்பவே எட்டு மாசம். கடுதாசி இல்ல.

ஐயா சைக்கிள்ல வந்து எங்க லயத்து வீட்டு வாசல்ல நின்னார். அம்மாதான் சொன்னாங்க, "ரப்பர் ஷீட்டு காய வைக்கிற புகைவீடு சும்மாதானே கிடக்கு? அங்க தொங்க விடுவோம் ஐயா."

பாதித் தாளை எங்ககிட்ட கொடுத்தார். மீதியைத் தன் வீட்டு நிழல்லயே காய வச்சார்.

எங்க பங்கு அறுபத்திநாலு தாள். எண்ணி எண்ணித் தொங்க விட்டது நான். அப்போ எனக்குப் பதினோரு வயசு. கடிகாரம் ஏது? ஒரு ஜெபமாலை முடிஞ்சா தாளைத் திருப்பணும், நெருப்பைத் தணிக்கணும்... அதான் அம்மா வச்ச நேரம்.

முதல் நாள் சரியா வந்தது. ரெண்டாம் நாள் அம்மா ஜெபமாலையோட நிறுத்தல. சயாமுக்குப் போனவங்க பேரை ஒவ்வொண்ணாச் சொல்லி, ஆளுக்கொரு 'அருள் நிறைந்த மரியே'... எங்கப்பா பேரு கடைசி. நானும் கண்ணை மூடியே இருந்துட்டேன்.

திறந்தா, தாளெல்லாம் காப்பி நிறம்!

பக்கத்து வீட்டு லெச்சுமி அக்கா எட்டிப் பார்த்தாங்க. "அடியே அந்தோணியம்மா, இலையைக் கருவாடா ஆக்கிட்டியேடி!"

அம்மா சிரிக்கல. ஐயா வந்து பார்த்துட்டு, "என்ன பிள்ளை, இப்பிடிச் செய்து போட்டியள்... நான் அந்த ஜப்பான்காரனுக்கு என்னத்தைச் சொல்லுவன்?"னு தரையிலயே உட்கார்ந்துட்டார்.

ஆபீசர் வந்தன்னிக்கு நானும் அம்மாவும் மியூசியத்துக் கதவோரம் நின்னோம். ஐயா நிழல்ல காய வச்ச தாள்ல பச்சையாப் பூஞ்சை படர்ந்திருந்தது. ஆபீசர் அதை ஒதுக்கிட்டு எங்க தாளை எடுத்தார். மோந்து பார்த்தார். வெளிச்சத்துல திருப்பிப் பார்த்தார். புகை ஏறினதால பூஞ்சை இல்ல, பூச்சி இல்ல.

மலாய்ல ரெண்டே வார்த்தை... "பெசோக் புக்கா." நாளைக்குத் திற.

ஐயா சயாமுக்குப் போகல. எங்கப்பா திரும்பி வரல. ரெண்டுக்கும் சேர்த்தே அம்மா கடைசிவரை ஜெபம் பண்ணாங்க.

போன மாசம் போன்ல ஒரு வீடியோ பார்த்தேன். வெள்ளத்துல நனைஞ்ச ஒரு மியூசியத்துல பிள்ளைங்க கையுறை மாட்டி, ஃபேன் வச்சு, தாள் தாளாக் காய வைக்குதுங்க. வாலன்டியராம். ஒரு பொண்ணு கையில தாள் கிழிஞ்சு போச்சு. "அலமாக்!"னு நாக்கைக் கடிச்சுக்கிட்டு அடுத்ததை எடுத்தா... யாரையும் திரும்பிப் பார்க்கல, பயப்படல.

ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். இப்போ ஒரு தாள் கெட்டா... தாள் மட்டும்தான் கெடுது.