சோடாவின் மேல் வைத்த கை

சும்மா ஓரிடத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் என் தொழில். சொன்னால் எங்கள் வீட்டிலேயே சிரிப்பார்கள். ரெய்கி என்று அதற்குப் பெயர்; உள்ளங்கை வழியே சக்தி பாய்ச்சி வலியைத் தணிக்கும் ஜப்பான்காரர் வைத்தியம். மீஞ்சூர் கம்பெனி ஒன்றில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவள், சென்னைக்கு ரயிலேறிப் போய் வகுப்பில் கற்றுக்கொண்டேன். ‘என்ன வேலை பார்க்கிறாய்?’ என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாமல் விழிப்பவர்களே, நீங்களும் நானும் ஒரே ஜாதி.

முதல் அழைப்பு

மூட்டு வலிக்காரர்களுக்கு மட்டுமே கை வைத்துக்கொண்டிருந்த என்னைத் தேடி, ஏரிக்குள் தீவாக இருக்கும் பசியாவரத்திலிருந்து தேசப்பன் அண்ணன் வந்தார். மீன் பிடிப்பவர், அறுபது வயது இருக்கும். சோடா என்று ஒரு நாய் வளர்க்கிறார். அதற்குப் பதினான்கு வயது. கர்ப்பப்பையில் சீழ் பிடித்து, பொன்னேரியில் ஆபரேஷன் ஆகி நாலு நாளாகியும் வாயில் எதுவும் வைக்கவில்லையாம்.

படகில் ஏறினேன். தை மாதப் பனி. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. தூரத்தில் பூநாரைக் கூட்டம் யாரோ ரோஜா நிறத்தை விரலால் தேய்த்துவிட்டதுபோல் நின்றது. அண்ணன் கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டே வந்தார். “மாத்திரை ஒழுங்கா குடுக்கிறீங்களாண்ணே? என் கை மாத்திரைக்குப் பதிலு இல்ல” என்றேன்.

“மாத்திரை டாக்டரம்மா குடுத்தாங்க. தைரியம்தான் யாரும் குடுக்கலம்மா” என்றார்.

யாருக்கு வைத்தியம்?

கிழிந்த வலைகளை மடித்துப் போட்ட படுக்கையில் சோடா கிடந்தது. அண்ணனின் மனைவி ராஜம்மா அக்கா இறால் உரித்துக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார். தையல் பக்கம் போகாமல், நாயின் நெற்றியிலும் முதுகிலும் கை வைத்தேன். அதன் மூச்சோடு என் மூச்சும் மெல்ல மெல்லச் சேர்ந்துகொண்டது. வெளியே அலை கரையைத் தொட்டுத் தொட்டுப் போனது. வீடே கட்டவிழ்ந்து ஏரியில் மிதப்பதுபோல் இருந்தது எனக்கு. திடீரென்று சோடாவின் கால்கள் தூக்கத்திலேயே ஓட ஆரம்பித்தன. எந்தக் கரையில் எந்த நண்டைத் துரத்தியதோ!

எவ்வளவு நேரம் போயிற்று என்று தெரியாது. கண் திறந்தால், நாலு நாளாகக் கண் மூடாத தேசப்பன் அண்ணனும் சுவரில் சாய்ந்தபடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

ராஜம்மா அக்கா கேட்டார்: “நீ நாய்க்கு வைத்தியம் பாக்க வந்தியா, எங்க வூட்டுக்காரருக்கா?”

உள்ளங்கைச் சூடு

மறுநாள் சோடா மடவை மீன் வேகவைத்த தண்ணீரை நக்கிக் குடித்தது. என் புகழ் தீவு முழுக்கப் பரவிவிட்டது. மூன்றாம் நாளும் போய், சோடாவின் வயிற்றுக்கு நாலு விரல் மேலே கையை நிறுத்தினேன். உள்ளங்கையில் அப்படி ஒரு சூடு! சூடு தெரிந்தால் சக்தி பாய்கிறது என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம்தான் நாற்றம் வந்தது. குனிந்து பார்த்தால் தையலைச் சுற்றி ஒரே சிவப்பு. ஓரத்தில் சீழ் கசிந்தது.

கையை எடுத்துவிட்டேன். “அண்ணே, இது என் கையில இல்ல. இப்பவே பொன்னேரிக்குக் கிளம்பணும்.”

“இன்னா பேசற நீ? நீ கை வெச்சாதான் தூங்குது, துன்னுது. இன்னொரு வாட்டி வையிம்மா!” அவர் கத்தியதில் சோடா கண்ணைத் திறந்து பார்த்தது. வைத்துவிடலாமா என்று எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. என்னை யாரும் அவ்வளவு நம்பிக் கெஞ்சியதில்லை.

“மாட்டேண்ணே” என்றேன்.

அவர் சோடாவைத் துண்டில் சுற்றித் தூக்கினார். படகில் அது என் மடியில் கொதித்துக்கொண்டே வந்தது. அக்கரையில் ஆட்டோ பிடித்துப் போனோம். டாக்டரம்மா புண்ணைத் திறந்து சுத்தம் செய்து, ஊசியை மாற்றிப் போட்டார். கதையைக் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னார்:

“நல்லவேளை, இன்னிக்கே கொண்டாந்தீங்க. கைல அந்த மாதிரி சூடு தெரிஞ்சா நாங்க அதுக்கு ஜுரம்னு பேரு வெச்சிருக்கோம்மா.”

நடு ஏரியில்

அதற்கப்புறம் அண்ணனிடமிருந்து போனே இல்லை. நாய் போய்விட்டதோ, என்மேல் கோபமோ என்று இரண்டு வாரம் தவித்தேன். கேட்கவும் பயம். ஒருநாள் காலையில் அவரே கூப்பிட்டார், “படகாண்ட வாம்மா” என்று மட்டும்.

போனால், படகின் முன்பக்கம் சோடா! மழித்த வயிற்றில் பூனை முடிபோலப் புது முடி. தள்ளாடி எழுந்து வந்து என் உள்ளங்கையை மோந்து பார்த்துவிட்டு, தாடையை அதில் வைத்துக்கொண்டது. நான் எதுவும் செய்யவில்லை. நடு ஏரியில் அண்ணன் கழியை எடுத்து வைத்துவிட்டார். படகு தானாக மிதந்தது. பனிக்குள் எங்கோ பறவைகள் முணுமுணுத்துக்கொண்டிருந்தன.

கடைசியில் அவர் சொன்னார்: “கோச்சிக்காதம்மா. அன்னிக்கு ‘மாட்டேன்’னு சொன்ன பாரு, அப்பதான் நீ பொய்க்காரி இல்லன்னு தெரிஞ்சுது.”

இன்றைக்கும் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்க் கை வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன், என்ன ஒன்று, இப்போது பையில் ஒரு தெர்மாமீட்டரும் கூடவே வருகிறது.