ஆல்வின் போட்ட கோல்

பிரிட்டனின் வேல்ஸில் பிறந்து, அங்கே பல கால்பந்து கிளப்புகளுக்கு முன்கள ஆட்டக்காரனாக ஆடிய ஆல்வின், முப்பத்து நான்கு வயதில் அமெரிக்காவின் ஹூஸ்டன் அணி ஒன்றுக்கு வந்து சேர்ந்தான். தலையால் முட்டி கோல் போடுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் கோல் போட்டால்தான் அடுத்த சீசனுக்கு ஒப்பந்தம் என்று சொல்லிவிட்டார்கள். ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் கேட்டி என்ற ஊரில் இருக்கும் அக்கா ஜெயலீலாவுக்கு டிக்கெட் அனுப்பியிருந்தான்.

ஆட்டம் முடியும் தறுவாயில் பந்து தலையில் பட்டு வலைக்குள் போனது. அக்காவின் இருக்கையைத் திரும்பிப் பார்த்தான். காலியாக இருந்தது.

உடை மாற்றும் அறையிலிருந்து அவளைப் போனில் அழைத்தான்.

"டேய், சர்ச்ல எல்லாரும் உனக்காகத்தான் ப்ரேயர் பண்ணிட்டிருந்தோம். கோல் போட்டியா?"

"போட்டேன்க்கா."

"ஸ்தோத்திரம்! பாத்தியா, இதுக்குத்தான் நான் மேட்ச்சுக்கு வரல."

"அடுத்த தடவை அவங்க ஜெபிக்கட்டும்க்கா. நீ இங்க வா," என்றான் ஆல்வின்.