அக்காவின் வெற்றிப் புத்தகம்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு தமிழ்ப் புத்தகக் கடையில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். வெற்றிக்கு வழி சொல்லும் புத்தகங்கள்தான் எங்களுக்குச் சோறு போடுகின்றன. இருந்தாலும் எனக்கு அவற்றைக் கண்டாலே ஆகாது. அட்டையில் கோட்டு போட்ட ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு சிரிப்பார்; உள்ளே உன்னால் முடியும், உன்னால் முடியும் என்று இருநூறு பக்கத்துக்குத் திருப்பித் திருப்பிச் சொல்வார். ஒரே ஆள் மாதாமாதம் வந்து புதிது புதிதாக வாங்கிப் போகும்போது, முதல் புத்தகம் வேலை செய்திருந்தால் இரண்டாவது எதற்கு என்று கேட்க நாக்கு துறுதுறுக்கும். முதலாளியின் முகத்தை நினைத்து வாயை மூடிக்கொள்வேன்.

அப்படிப்பட்ட நானே அதில் ஒன்றை என் அக்காவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அட்டை கிழிந்து, விற்காமல் கிடந்த பிரதி அது.

கிள்ளானில் ஓர் அடுக்குமாடி வீட்டில் அக்காவும் அவள் கணவரான மாமாவும் மட்டும்தான். மாமா முப்பது வருடம் லோரி ஓட்டியவர். இனிப்பு நீர் நோய் முதலில் அவர் பார்வையைக் கெடுத்தது, பிறகு சிறுநீரகத்தை. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அவரைக் கூட்டிக்கொண்டு போய்வந்த பக்கத்து வீட்டுக்காரர் பூச்சோங்குக்குக் குடி மாறிப் போனதும், அவரிவரிடம் கேட்டுப் போக வேண்டியதாயிற்று. ஒரு நாள் போகவில்லை. அடுத்த வாரம் இன்னொரு நாளும் போகவில்லை.

"போதும்லா. எத்தன பேருகிட்ட கெஞ்சறது? இருக்கற வரைக்கும் இருந்துட்டுப் போறேன்" என்று என்னிடமே சொன்னார்.

அந்தப் பேச்சு அக்காவை உலுக்கிவிட்டது. ஐம்பத்து நான்கு வயதில் கார் லைசன்ஸ் எடுக்கிறேன் என்று கிளம்பினாள். மாமாவின் பழைய கார் கீழே சும்மாதான் நின்றது. ஆனால் அக்கா அதுவரை சைக்கிள்கூட ஓட்டியவள் இல்லை. வகுப்பு என்றாலே அவளுக்குப் பயம். அதனால்தான் அந்தப் புத்தகத்தைக் கொடுத்தேன். பாதி அக்கறை, பாதி கிண்டல்.

அவள் அதைப் பாடப் புத்தகம் போலப் படித்தாள். விரும்பியது நடந்துவிட்டதாகவே எண்ணி, தினமும் கண்ணை மூடி அதைப் பார்க்கச் சொல்லியிருந்தது. அவ்வளவுதான். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மாமாவை அழைத்துக்கொண்டு கீழே இறங்குவாள். இன்ஜினைத் தொடமாட்டாள். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, டயாலிசிஸ் நிலையம் வரைக்கும் மனதிலேயே ஓட்டுவாள். பக்கத்து இருக்கையில் மாமா.

"மொதல்ல கண்ணத் தொற. எவனாச்சும் கண்ண மூடிக்கிட்டு காடி ஓட்டுவானா?"

"புத்தகத்துல மூடணும்னுதான் போட்டிருக்கு."

"எழுதுனவனுக்கு லைசன் இருக்கான்னு கேட்டியா?"

மாமாவுக்குக் கண் மங்கலே தவிர, சாலை அத்தனையும் மனப்பாடம். "மீன் பாசார் தாண்டிட்டோம். சிக்னல் போடு. வலது பக்கம் மோட்டர் வர்றான், அவன விட்டுட்டுப் போ." அக்கா நிஜமாகவே பிரேக்கை மிதிப்பாள். மேல் மாடியில் குடியிருந்த ஒரு மலாய்க்கார அம்மா, போகிற போக்கில் தினமும் கண்ணாடியில் தட்டி, வந்து சேர்ந்தாச்சா என்று மலாயில் கேட்டுச் சிரிப்பார். இன்னும் இரண்டு சிக்னல் இருக்கிறது என்று மாமா முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு பதில் சொல்வார். ஒரு நாள் கூட நின்று பார்த்த எனக்கு மானம் போனது.

முதல் பரீட்சைக்குப் போகும் முன்பே அக்கா கேசரி கிண்டி வைத்துவிட்டுப் போனாள். அதுவும் புத்தகத்தின் யோசனைதான். சோதனைத் திடலில் மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது கார் பின்னால் உருண்டுவிட்டது. தோல்வி. ஆறிப்போன கேசரியை மூன்று பேரும் சாப்பிட்டோம். இரண்டாவது தடவையும் அதே மேடு, அதே கதை.

எனக்கு வந்ததே கோபம்! "அந்தக் குப்பையத் தூக்கி வீசுக்கா! நிக்கிற கார்ல கண்ண மூடிக்கிட்டு உக்காந்தா மேடு ஏறுமா?" என்று கத்தினேன்.

அக்கா என்னைக் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"மெதுவாப் பேசுடா. நெனச்சா காடி ஓடாதுன்னு எனக்குத் தெரியாதா? கூடுதல் வகுப்புக்குப் பேரு குடுத்தாச்சு." குரலை இன்னும் தாழ்த்தினாள். "ஒங்க மாமா ரெண்டு மாசமா ஒரு நாள்கூட டயாலிசிஸ தவற விடல, கவனிச்சியா? யாரு கால்ல விழுந்தாவது போயிட்டு வந்துடறாரு. சாயந்தரம் ஆறு மணிக்கு எனக்குச் சொல்லிக் குடுக்கணும்லா. ஒன்னப் பாஸ் பண்ண வைக்காம விடமாட்டேன்கறாரு. நான் அங்க உக்காரறது அவருக்காகடா."

எனக்கு வெட்கமாக இருந்தது. பதினோரு வருடத்தில் எத்தனையோ பேருக்கு அந்தப் புத்தகங்களைப் பையில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். யாருக்காக வாங்குகிறீர்கள் என்று ஒருவரையாவது கேட்டிருப்பேனா? மாமா பிழைத்திருந்ததற்குப் புத்தகம் காரணம் என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். அக்காதான் காரணம். ஆனால் அந்த மனிதரை ஆறு மணிக்குக் கீழே இறக்க அவளுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அதை நான்தான், கேலியாக, கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

மூன்றாவது தடவை மேட்டில் கார் உருளாமல் நின்றது. பாஸ்.

மறுநாள் காலை டயாலிசிஸுக்கு அக்காதான் ஓட்டினாள். துணைக்கு நான் பின்னால் ஏறிக்கொண்டேன். பெரிய சாலைச் சிக்னலில் பச்சை விழுந்ததும் இன்ஜின் அணைந்துபோனது. சாவியைத் திருப்பினாள், மறுபடி அணைந்தது. பின்னால் ஹார்ன் மேல் ஹார்ன். அக்கா சாவியை விட்டுவிட்டு ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டாள். மாமா கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டினார்.

"பொறுங்கலா! நேத்துதான் லைசன் எடுத்தா என் பொண்டாட்டி!"

தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, அவள் கை மேல் கையை வைத்தார். "அவன் கெடக்கான். நீ நிதானமா எடு. இன்னும் எத்தன வருசம் என்னைய ஏத்திக்கிட்டுப் போகணும், இப்பவே பயந்தா எப்படி?"

அக்கா கியரைப் போட்டாள். பின்னால் உட்கார்ந்திருந்த நான் அழுதுவிட்டேன்.