இறக்கணுமாம்

பணிமனையில் அவளுக்குப் பொறி என்று பெயர். வெல்டிங் பண்ணும்போது பறக்கிற பொறியைப் பார்த்து வைத்த பெயர் என்று வெளியாட்கள் நினைத்துக்கொள்வார்கள். உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும், அது அவளுடைய மூக்கின் மேல் நிரந்தரமாகக் குடியிருக்கிற கோபத்துக்கு வைத்த பெயர். பதினான்கு வருஷமாக அங்கே வெல்டர். கூட வேலை பார்க்கிற மற்ற வெல்டர்கள் எல்லோரும் ஆண்கள். அவர்கள் ஒட்டுவதில் பாதியைப் பிரித்துத் திரும்ப ஒட்டுவதே தன் வேலை என்பாள். பொய்யில்லை.

அதுவரை அந்தப் பணிமனை செய்ததெல்லாம் வெளியிலிருந்து வாங்கிய பழைய பஸ்களுக்கு ஒட்டுப்போட்டு ஓட வைப்பதுதான். திடீரென்று சொந்தமாகவே பஸ் செய்வது என்று மேலே முடிவானது. என்ஜினும் சேஸ் என்கிற அடிச்சட்டமும் மட்டும் வாங்குவது, தரையிலிருந்து கூரை வரை மீதியெல்லாம் இங்கேயே வரைந்து இங்கேயே பூட்டுவது. வாசலில் 'நம்ம டிசைன், நம்ம கை' என்று பெரிய பேனர் கட்டினார்கள். பொறிக்குப் பேனர் என்றாலே எரிச்சல். ஆனால் அந்த ஏழு மாதம் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள், அதை ஒப்புக்கொள்ளவும் செய்தாள். "அக்கா, நீ ஏறப்போற பஸ்ஸ நான்தான் செய்யறேன்" என்று வீட்டில் சொல்லிச் சொல்லி அக்காவுக்கே அலுத்துவிட்டது.

அக்கா அவளைவிட எட்டு வயது மூத்தவள். அம்மா போன பிறகு பொறியை வளர்த்து ஆளாக்கியதும் அவள்தான். ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற வேலை. முப்பது வருஷம் ஈரப் போர்வைகளைத் தூக்கியதில் வலது முழங்கால் போய்விட்டது. வீடு கடைசி நிறுத்தத்தில், அதனால் தினமும் ஏறுவது அங்கிருந்து கிளம்புகிற முதல் பஸ், காலி பஸ். படி உயரம் என்பதால் இரண்டு கம்பியையும் பிடித்து உடம்பை இழுத்து ஏற்றுவாள். ஒருநாள் நடத்துநர் கையை நீட்டி, "ஏறுங்க பாட்டி, நேரமாகுது" என்றார். அக்காவுக்கு ஐம்பத்தாறு வயசு. அன்றிலிருந்து அந்த ஆள் நீட்டுகிற கையை அவள் பிடிப்பதில்லை.

புது பஸ்ஸின் கூடு மாதக்கணக்கில் தாங்கிகளின் மேலேயே நின்றது. சக்கரம் மாட்டித் தரையில் இறக்கிய அன்றைக்குப் பொறி முதல் வேலையாக வாசல் படிக்கு டேப் பிடித்தாள். வரைபடத்தில் தரையிலிருந்து நாற்பது சென்டிமீட்டர். டேப்பில் நாற்பத்தெட்டு. மூன்று தரம் அளந்துவிட்டு மேஸ்திரியிடம் போனாள்.

மேஸ்திரியிடம் எதைக் கேட்டாலும் பதில் 'ஆம்' என்றுதான் முடியும். அந்தப் பணிமனையின் வழக்கமே அது. ஜன்னல் கம்பியை மாத்தணுமாம். பெயிண்ட் பச்சையாம். சனிக்கிழமையும் வரணுமாம். யார் சொன்னது என்று கேட்டால் கையை மேலே காட்டுவார்கள். மேலே தகரக் கூரையும் நாலு புறாவும்தான் இருக்கும். பதினான்கு வருஷத்தில் அந்த 'ஆம்' யாரென்று ஒருத்தரும் கண்டதில்லை, கேட்பதையும் விட்டுவிட்டார்கள். படி விஷயத்திலும் மேஸ்திரி, "அது அப்படித்தானாம்" என்றார். அவள் நேராக மாடியேறி டிசைன் சாரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

டிசைன் சார் மோசமான மனிதர் இல்லை. குரலை உயர்த்த மாட்டார். பொறுமையாக விளக்கினார்.

"நாப்பதுங்கறது ஃபுல் லோடுக்கும்மா. அறுபது பேர் ஏறினா ஸ்பிரிங் அமுங்கி எட்டு சென்டிமீட்டர் கீழ வரும்."

"அறுபது பேர் எப்படி சார் ஏறுவாங்க?"

அவருக்குப் புரியவில்லை. அவள் புரிய வைத்தாள். முதலில் ஏறுகிறவர் காலி பஸ்ஸில்தானே ஏறியாக வேண்டும்? அறுபது பேரும் ஏறி முடித்த பிறகு படி சரியாகத்தான் இருக்கும், ஆனால் அப்போது ஏற ஆளும் இருக்காது, இடமும் இருக்காது. டிசைன் சார் சிரித்தார். ஜோக் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டார். அவள் சிரிக்காததைப் பார்த்து, விதிமுறையே அப்படித்தான் என்றார். இரண்டு படியை மூன்றாக்கிக் கீழ்ப்படியை இறக்கிவிடலாமே, ரெண்டு நாள் வேலை, நானே செய்கிறேன் என்றாள். வரைபடத்துக்கு ஒப்புதல் வாங்கியாகிவிட்டது, மாற்றினால் மறுபடி மூன்று மாதம், திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது, அடுத்த மாடலில் பார்க்கலாம் என்று அவர் நகர்ந்தார். இந்த ஒன்று தேறினால் இதே வரைபடத்தில் இருநூறு பஸ். ஒவ்வொன்றும் பதினைந்து வருஷம் ஓடும். அக்காவின் முழங்காலுக்கு அடுத்த மாடல் கிடையாது.

"சார், நீங்க வேலைக்கு எதுல வர்றீங்க?"

காரில் என்றார். அவளுக்குத் தெரியும். அவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

சோதனை நாளில் அறுபது பேருக்குப் பதிலாக எழுபத்தெட்டு மணல் மூட்டைகளை உள்ளே ஏற்றினார்கள். ஆய்வாளர் குனிந்து படியை அளந்தார். நாற்பது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

விழாவுக்கு முதல் நாள் மூட்டைகளை இறக்கப் போனபோது மேஸ்திரி வந்து தடுத்தார். "இருக்கட்டுமாம். மேல துணி போர்த்தணுமாம்."

எதுக்கு என்று கேட்டாள். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தணித்துச் சொன்னார். "நாளைக்குத் திறந்து வைக்க வர்ற பெரியவருக்கு முட்டி சரியில்லையாம். ஏறச் சிரமப்படுவாராம்."

அப்போதுதான் அவளுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சி வரை எரிந்தது. அந்த நிமிஷம் வரை இவர்களுக்குத் தெரியவில்லை என்று நினைத்திருந்தாள். பஸ் ஏறாத மனிதர்கள், கணக்கில் கோட்டை விட்டவர்கள் என்று நினைத்திருந்தாள். தெரியாதவர்களை எத்தனை தரம் திட்டினாலும் மனசு ஒரு பக்கம் மன்னித்துக்கொண்டேதான் இருக்கும். இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஒரு முட்டிக்கு எழுபத்தெட்டு மூட்டை, இன்னொரு முட்டிக்கு அடுத்த மாடல். சோறு தின்கிற யாருக்காவது இது தோன்றுமா? அவள் போய்த் துணியை எடுத்து வந்து மூட்டைகளின் மேல் போர்த்தினாள். மேஸ்திரி அதைப் பார்த்துப் பயந்திருக்க வேண்டும், பயப்படவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கே வந்தாள். சுமை தூக்குகிற நாலு பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"மூட்டை எல்லாத்தையும் இறக்கணுமாம்" என்றாள்.

"நேத்து இருக்கட்டும்னாங்களே?"

"இப்ப வேணாமாம்."

முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார்கள். யார் சொன்னது என்று ஒருவரும் கேட்கவில்லை. வரிசை வரிசையாக மூட்டை இறங்க இறங்க, பஸ் விரல் விரலாக மேலே எழுந்தது. காலி அட்டைப்பெட்டிகளை மூட்டை இருந்த இடத்தில் அடுக்கி, துணியை இழுத்துப் போர்த்தினாள்.

பத்து மணிக்குப் பெரியவர் வந்தார். ரிப்பனை வெட்டினார். காலைத் தூக்கினார். செருப்பின் முனை படியில் இடித்துத் திரும்பியது. கம்பியைப் பிடித்து இரண்டாம் தரம் முயன்றார். கால் போனது, உடம்பு போகவில்லை. இரண்டு அதிகாரிகள் பின்னாலிருந்து தாங்கினார்கள். கேமராக்காரர்கள் எடுத்துத் தள்ளினார்கள். யாரோ ஸ்டூல் எடுக்க ஓடினார்கள். பெரியவர் காலைக் கீழே வைத்துவிட்டு, மூச்சு வாங்க, படியையே பார்த்தார்.

"இதுல ஜனங்க எப்படிய்யா ஏறுவாங்க?"

ஐந்து வாரமாக அவள் கேட்ட அதே கேள்வி. சந்தோஷப்பட வேண்டியவள்தான். ஆனால் அந்த வாயிலிருந்து வந்ததும் எல்லோரும் தலையில் கை வைத்ததைப் பார்த்து அவளுக்குக் கோபம் இரட்டிப்பானது. அவள் கேட்டபோது அது ஜோக்.

மத்தியானம் விசாரணை. சுமை தூக்குகிறவர்கள், 'இறக்கணுமாம்னாங்க, இறக்கினோம்' என்றார்கள். மேஸ்திரி கூரையைப் பார்த்தார். பொறியே முன்னால் வந்து, நான்தான் என்றாள்.

"யாரைக் கேட்டு இறக்கினே?" என்றார் பெரிய அதிகாரி.

"ஏத்தி வைக்கச் சொன்னது யாருன்னு சொல்லுங்க சார். இனிமே அவரையே கேட்டுக்கறேன்."

அந்த அறையில் ஆறு பேர் இருந்தார்கள். ஆறு பேரும் மேஜையைப் பார்த்தார்கள்.

அன்று மாலையே இரண்டு தாள்கள் வந்தன. ஒன்றில், வடிவமைப்புப் பிரிவின் தொடர் ஆய்வின் பயனாகப் படிகள் மூன்றாக்கப்படும் என்று இருந்தது. இன்னொன்றில், அனுமதியின்றிச் சோதனைப் பளுவை அகற்றியதற்காக அவளுக்கு முப்பது நாள் தற்காலிகப் பணிநீக்கம். ஏழு மாதம் ஒட்டிய பஸ்ஸில் அந்த ஒரு படியை மட்டும் அவள் கையால் வைக்க விடவில்லை. வீட்டில் லீவு என்று சொன்னாள்.

இருபத்தாறாம் நாள் அந்த பஸ் அக்காவின் வழித்தடத்துக்கு வந்தது. பொறியும் கூடப் போனாள். கடைசி நிறுத்தம், காலி பஸ். அக்கா ஒரு காலை வைத்தாள், மறு காலை வைத்தாள், பேச்சை நிறுத்தாமலே ஏறிப்போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஏறியதே அவளுக்குத் தெரியவில்லை. நடத்துநரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பொறி குனிந்து, புதுப் படியின் அடியில் விரலை ஓட்டினாள். முண்டும் முடிச்சும், நடுநடுவே ஓட்டை. இரண்டு மழைக்குத் தாங்காது.

"ஏறுடி. எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே? நல்ல பஸ்ஸுதானே" என்றாள் அக்கா.

"கேவலமா ஒட்டியிருக்கான்" என்றாள் பொறி. இன்னும் நாலு நாள். வேலைக்குப் போனதும் முதல் காரியமாக இதைப் பிரித்துத் திரும்ப ஒட்ட வேண்டும், யாரையும் கேட்காமல்.