குனிந்தால் ஓடும் குதிரை

என் கையெழுத்து கோணலாக இருக்கும். படித்தது நாலாவது வரைதான். எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேத்தமங்கலம் சாலையில் ஒரு பண்ணை. பெங்களூரிலிருந்து வருகிறவர்களைக் குட்டைக் குதிரைகளில் ஏற்றி, தோப்புப் பாதையில் கூட்டிப் போகிறார்கள். முன்குதிரையில் போக ஓர் ஆள் தேவையாம். நான் வேலை பார்த்த தங்கச் சுரங்கம் மூடிவிட்டதால் வேலை கேட்டு வந்திருக்கிறேன். குதிரைக்காரர் பாஷா என்னை ஏற்றிவிட்டு, இன்னொரு குதிரையில் கூடவே வருகிறார்.

புளியமரம் வருகிறது. கிளை எட்டாத உயரத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் சுரங்கத்துக்குள் குனிந்தே நடந்த பழக்கத்தில் தலையைத் தாழ்த்துகிறேன். குதிரை பாய்ந்து ஓடுகிறது. பாஷா விரட்டி வந்து கடிவாளத்தைப் பிடிக்கிறார்.

"இன்னாண்ணே, ஆகாசம் இடிக்குதா? முன்னால சாஞ்சா ஓடச் சொல்றீங்கன்னு நினைச்சுக்கும். இது ஓடினா பின்னால வர்ற புள்ளைங்க குதிரையும் ஓடும்."

அடுத்த மரத்திலும் குனிகிறேன். மறுபடியும் ஓட்டம். வேலியோரம் நிற்கிற பெங்களூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள்.

"சிரிக்கட்டும் உடுங்க. நாலு நாள் வாங்க, முதுகு தானா நிமிர்ந்துடும். முதலாளிகிட்ட நான் சொல்றேன்" என்கிறார் பாஷா.

"வேணாங்க" என்று இறங்கிவிடுகிறேன்.

பஸ் வர நேரமாகிறது. சாலையிலிருந்து பார்த்தால் பாஷா இன்னும் அங்கேயே நிற்கிறார். திரும்பிப் போய், நாலு நாள் வருகிறேன் என்று சொல்லலாம். கால் எழவில்லை.

எழுதியது: 2001, ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை.