குண்டு போட்ட பொட்டி

பெரியநாயகசாமியை ஊரில் ரேடியோ சாமி என்பார்கள். நீடாமங்கலத்துக்குக் கிழக்கே, வாய்க்கால் பாலத்தை ஒட்டி ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். பயந்த சுபாவம். போலீஸ் ஜீப் எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி நின்று வழிவிடுகிற ஆள். சட்டத்துக்கு அவர் கொடுத்த அந்த மரியாதையைச் சட்டம் கவனித்ததாகத் தெரியவில்லை.

எண்பத்தொன்றாம் வருஷம், மாதா திருவிழாவுக்கென்று ஒரு சிந்தசைசர் செய்யக் கிளம்பினார். மின்சாரத்தில் பாடும் பெட்டி. அதற்கான சர்க்யூட் படம் பழைய பத்திரிகை ஒன்றில் கிடைத்தது. அழுத்துகிற கட்டைகள், உடைந்துபோன ஆர்மோனியம் ஒன்றிலிருந்து எடுத்தவை. மற்றதெல்லாம் செத்துப்போன ரேடியோக்களின் வயிற்றிலிருந்து பிடுங்கியது. கடைசி ஒயரைப் பற்றவைத்து சுவிட்சைப் போட்டதும் பியூஸ் டப்பென்று போனது. டயோடு ஒன்றைத் தலைகீழாக வைத்திருந்தார்.

அதை மாற்றிவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு நேராகக் கரண்ட் கொடுக்கத் தைரியம் வரவில்லை. மெக்கானிக்குகள் எல்லோரும் செய்வதுபோல, கரண்ட் வருகிற ஒயரின் நடுவில் ஒரு பல்பைக் கோர்த்து, அதன் வழியாகக் கொடுத்தார். உள்ளே கோளாறு இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், பெட்டி பிழைத்துக்கொள்ளும். அந்தப் பல்பை அவர் குண்டு என்பார். குண்டு பல்பு என்பதில் பாதி. குண்டு மங்கலாகத்தான் எரிந்தது, கோளாறு இல்லை என்று அர்த்தம். ஆனாலும் பெட்டி வாயைத் திறக்கவில்லை.

டீக்கடையில் வீரையன் கேட்டான். அறுப்பு வேலைக்குப் போகிறவன், விவசாயக் கூலிகள் சங்கத்தில் கொடி பிடிக்கிறவன்.

"என்னண்ணே, பொட்டி பாடுதா?"

"எங்கடா பாடுது. குண்டு போட்டுப் பாத்தாச்சு. இன்னும் கிளம்ப மாட்டேங்குது. நாளைக்கு எப்படியும் கிளப்பிருவேன்."

பெஞ்சின் மறுகோடியில் பண்ணைக் காரியக்காரர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். குறுவை அறுப்புக் கூலித் தகராறு முற்றியிருந்த நேரம். அந்த வாரம்தான் பண்ணையின் மோட்டார் கொட்டகையில் யாரோ நாட்டு வெடிகுண்டு வீசியிருந்தார்கள். காரியக்காரர் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் மதியம் ஜீப் கடை வாசலில் வந்து நின்றது. சப்-இன்ஸ்பெக்டரும் இரண்டு போலீஸ்காரர்களும் இறங்கினார்கள். பின்சீட்டில் வீரையன் இருந்தான். உதடு கிழிந்திருந்தது. ரேடியோ சாமி ஸ்டூலைவிட்டு எழுந்து நின்றார்.

"குண்டு எங்கடா?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

பயத்தில் மனுஷனுக்கு உண்மைதான் முதலில் வாயில் வருகிறது. "மேஜை மேல இருக்கு சார். கரண்ட்ல கோத்து வச்சிருக்கேன்."

போலீஸ்காரர்கள் இருவரும் ஒரே பாய்ச்சலில் ரோட்டில் இருந்தார்கள். சப்-இன்ஸ்பெக்டரின் கை இடுப்புத் துப்பாக்கிக்குப் போயிற்று. ரேடியோ சாமி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, பல்பு, குண்டு பல்பு, பாட்டுப் பொட்டி, மாதா திருவிழா என்று வார்த்தைகளைக் கொட்டினார்.

"பாட்டுப் பொட்டியா? அப்போ பாட வை. பாடலேன்னா ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல வச்சு நாங்க பாட வைப்போம்."

ரேடியோ சாமி மேஜை முன்னால் உட்கார்ந்தார். பியூஸ் சரியாக இருந்தது. டிரான்ஸ்பார்மர் லேசாகச் சூடாக இருந்தது. மீட்டரை வைத்துப் பார்த்தார். ஒன்பது வோல்ட் வரவேண்டிய இடத்தில் நாலுதான் வந்தது. அதில் எந்தப் பெட்டி பாடும்? முள் ஏன் அங்கேயே நிற்கிறது? வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவரின் பார்வை பல்பில் விழுந்தது.

அவருடைய வழக்கமான நூறு வாட் பல்பு போன வாரம் கீழே விழுந்து உடைந்துவிட்டது. அவசரத்துக்கு, வீட்டில் மாதா படத்துக்கு எரிகிற பொடி பல்பைக் கழற்றிக்கொண்டு வந்து மாட்டியிருந்தார். அதன் வழியாகப் போகிற கரண்ட் எறும்புக்குக்கூடப் பத்தாது. பெட்டியைக் காப்பாற்ற வைத்த பல்புதான் பெட்டியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அதை எடுத்துவிட்டு நேராகக் கொடுக்க வேண்டும். உள்ளே இன்னொரு டயோடு தலைகீழாக இருந்தால்? மறுபடி டப்பென்று வெடித்தால்? வெடிச் சத்தம் கேட்டால் துப்பாக்கி என்ன செய்யும்?

"என்னடா முழிக்கிற?"

"குண்ட எடுத்துட்டு நேராக் குடுக்கணும் சார்."

"யாருக்குடா குடுக்கணும்?"

"பொட்டிக்கு சார்."

ஒயரை மாற்றிப் பூட்டினார். மாதாவே என்று கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைப் போட்டு, ஒரு கட்டையை அழுத்தினார். வெடிக்கவில்லை. பெட்டி வீறிட்டது. கன்றைப் பிரிந்த பசு கத்துவதுபோல ஒரே சுரம், வாய்க்காலைத் தாண்டி வயல்வரைக்கும் போயிற்று.

சப்-இன்ஸ்பெக்டர் காதைப் பொத்திக்கொண்டார். "சரி, நீ பொழச்ச. அவன ஸ்டேஷனுக்குக் கொண்டு போங்கய்யா."

"சார், குண்டுன்னு சொன்னது நான் சார். வீரையன் கேட்டுக்கிட்டு நின்னான், அவ்வளவுதான்."

"உனக்குப் பொட்டி சாட்சி சொல்லிருச்சு. கொடி புடிக்கிறவனுக்கு எதுடா சாட்சி? முதல்ல அந்த எழவ நிறுத்து."

வாழ்நாளில் யார் சொல்லையும் தட்டாத ரேடியோ சாமி விரலை எடுக்கவில்லை. எடுத்தால் ஜீப் கிளம்பிவிடும் என்று மட்டும் தெரிந்தது. முதுகில் லத்தி ஒன்று விழுந்தது. உயிர் போகிற பயத்தோடு இன்னும் அழுத்தினார். என்ன சத்தம் என்று பார்க்க வயலில் அறுத்துக்கொண்டிருந்தவர்கள் கரையேறி வந்தார்கள். ஆணும் பெண்ணுமாக, கையில் அரிவாளோடு. ஜீப்பைச் சுற்றி நின்று வீரையனின் உதட்டைப் பார்த்தார்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். வீரையனைக் கீழே தள்ளச் சொன்னார். ஜீப் போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் ரேடியோ சாமி விரலை எடுத்தார். எடுத்ததும் ஓவென்று அழுதுவிட்டார். வீரையன் மேஜையருகே வந்து பெட்டியை ஆசையாகப் பார்த்தான்.

"நானும் ஒரு தடவ அழுத்திப் பாக்கட்டாண்ணே?"

வலது கையை நீட்டினான். லத்தி அடியில் விரல்கள் நீலம் பாரித்து வீங்கியிருந்தன. ஒன்றும் மடங்கவில்லை. கட்டைமேல் அப்படியே கிடந்தன.

"அறுப்பு முடியிறதுக்குள்ள மடங்கிருமாண்ணே?" என்றான்.

ரேடியோ சாமிக்கு அந்தக் கையைத் தொடப் பயமாக இருந்தது.