புகை இறங்கும் சரிவு

மேய்ச்சல் நிலத்தில் பனி பாறையாக இறுகிப்போன வருஷம், துல்மாவின் ஆடுகள் புல்லைத் தோண்டித் தின்ன முடியாமல் நின்ற இடத்திலேயே செத்தன. வசந்தம் வந்ததும் அவளும் கணவன் சோய்ஜிலும் தலைநகர் உலான்பாத்தருக்கு வந்துவிட்டார்கள். அவனுக்குக் கட்டட வேலை, அவளுக்குப் பேருந்தில் நடத்துநர் வேலை. நகரத்தின் வடக்கே, வற்றிய ஓடையை ஒட்டிக் கம்பளிக் கூடாரத்தைப் போட்டுப் பலகை வேலி அடித்தார்கள்.

அந்த இடம் எப்பேர்ப்பட்டது என்று முதல் குளிர்காலமே காட்டிவிட்டது. சுற்றிலும் மலை. குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தில் தங்கிவிடும். ஊர் அடுப்புகளின் நிலக்கரிப் புகையும் மேலே போக வழியில்லாமல் அதோடு படுத்துக் கிடக்கும். காலையில் தெருவில் எதிரே வருபவரின் இருமல்தான் முதலில் வரும், ஆள் அப்புறம். மகள் சருலுக்குச் சளி நுரையீரலில் இறங்கி, ஆஸ்பத்திரியில் ஒரே கட்டிலை இன்னொரு குழந்தையோடு பகிர்ந்து படுத்திருந்தாள்.

துல்மா கூடாரத்தைக் கழற்றினாள். ஆடு மேய்த்த குடும்பத்துக்கு இடம் மாறுவது பெரிய காரியமில்லை. சரிவின் நடுவில் கொஞ்ச காலம் நல்ல காற்று கிடைத்தது. அவர்களைப் போலவே மந்தையை இழந்தவர்கள் வந்து சுற்றிலும் குடியேற, புகை ஏறி வாசலைத் தொட்டது. மறுபடி கழற்றினாள். இந்தத் தடவை முகட்டுக்கே போய்விட்டார்கள். பாதை கிடையாது. சோய்ஜில் தண்ணீர்க் கேன்களை இழுத்துக்கொண்டு, பனியில் வழுக்கித் திட்டிக்கொண்டே ஏறுவான். ஆனால் சருலின் இருமல் குறைந்தது. கீழே ஊர் இருந்த இடத்தில் சாம்பல் ஏரி போலப் புகை நிற்பதைப் பார்க்கும்போது துல்மாவுக்குத் தப்பித்துவிட்ட நிம்மதி, கொஞ்சம் பெருமையும்.

ஒரு நாள் மதியம், கீழ்வீட்டுச் செர்மா கைக்குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு ஏறி வந்தாள். கொடுத்த தேநீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"அக்கா, நான் சண்டை போட வரல. பொழுது சாஞ்சா உங்க அடுப்புப் புகை நேரா எறங்கி எங்க கூடாரத்துல பூந்துக்குது. புள்ளைக்கு மூச்சு இழுக்குது."

"எங்க புகையா? அது மேல தானடி போவும்?"

"வந்துதான் பாருங்களேன்."

பொழுது சாயும் நேரத்தில் துல்மா இறங்கிப் போய்ப் பார்த்தாள். தன் புகைபோக்கியிலிருந்து கிளம்பிய புகை ஆள் உயரம் எழுந்து, வளைந்து, குளிர்காற்றோடு சரிவில் ஊர்ந்து வந்தது. செர்மாவின் வேலியைத் தாண்டி உள்ளே போனது.

இனி ஏறிப் போக மலையும் இல்லை, அடுப்பை அணைத்தால் உயிரும் இருக்காது. ஊரே எரிக்கிறது, நாம் மட்டும் என்ன செய்ய என்றான் சோய்ஜில். மறுநாள் துல்மாவே கீழே போனாள்.

"படுக்கையச் சுருட்டிக்கிட்டு மேல வாங்க. உங்க கூடாரத்துக் கம்பளியையும் எங்க கூடாரத்து மேல போத்திடுவோம். ஒரு அடுப்பு போதும்."

ரெண்டு குடும்பம் ஒரு கூரைக்குள்ளா என்று செர்மாவின் கணவன் முனகினான். ஆனாலும் வந்தான். இரட்டைக் கம்பளிக்குள் சூடு நின்றது; ஒரு வீட்டுக்கு வாங்கும் கரியிலேயே இரண்டு குடும்பமும் குளிர்காய்ந்தன. சண்டைக்கும் குறைவில்லை. செர்மா தேநீரில் உப்பை அள்ளிப் போட்டாள், சோய்ஜிலின் குறட்டையில் குழந்தை விழித்து அழுதது. சத்திரம் நடத்துகிறாயா என்று துல்மாவைப் பேருந்தில் கேலி செய்தார்கள். முகட்டில் பக்கத்தில் குடியேறியவர்களின் புகை வரத்தான் செய்தது. குழந்தையின் இழுப்பு முழுதாக நிற்கவில்லை. ஆனாலும் அந்தக் குளிர்காலத்தில் அதை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டி வரவில்லை.

வசந்தத்தில் செர்மா தன் கம்பளியைக் கீழே கொண்டு போய்த் தனியாகக் கூடாரம் போட்டாள். இலையுதிர்காலத்தில், யாரும் சொல்லாமலே, சோய்ஜில் இறங்கிப் போய் அந்தக் கம்பளியைத் தோளில் சுமந்து வந்தான்.